வரைபடம் வராத வாரம்

தை 5, திங்கள்

பனி. பத்து மணி வரை மலை தெரியவில்லை. கம்ப்யூட்டர் கடையைத் திறந்து தூசு தட்டினேன். காலையில் ஒரு காதணி விழாப் பத்திரிகை, இரண்டு பிரிண்ட் அவுட்.

பதினொன்றரைக்கு அவலூர்பேட்டை முதலாளியின் போன். நெல் அறுக்கும் மெஷின் ஏழு வைத்திருப்பவர். எந்த மெஷின் எந்த ஊரில் நிற்கிறது என்று பார்த்து விவசாயிகள் புக் பண்ண, அவர் செய்துகொடுத்த வெப்சைட். அவர் என்றால் என் வீட்டுக்காரர். இந்த நோட்டில் வேறு ‘அவர்’ கிடையாது. முதலாளி இனிமேல் அ.மு.

“இன்னாம்மா, மேப்பு வர மாட்டுது. சாம்பல் கலர்ல ஒரு பொட்டிதான் வருது. அறுப்பு ஆரம்பிச்சிடுச்சி, ஜனங்க போன் பண்ணி திட்டுது.”

பார்க்கிறேன் என்றேன்.

“தம்பி இருந்தா உன்ன கேப்பனா? வெள்ளிக்கிழமைக்குள்ள வரலன்னா விழுப்புரத்துல ஒருத்தர் இருக்காரு, அவராண்ட குடுத்துடறேன். தப்பா நெனைச்சிக்காதம்மா.”

தப்பாக எல்லாம் நினைக்கவில்லை. பயம்தான். அவர் போன பிறகு மிச்சம் இருக்கிற ஒரே பெரிய வேலை இது. மாமா (அவருடைய அப்பா) கடையை செல்போன் ரிப்பேர்க்காரனுக்கு விடப் பேசி வைத்திருக்கிறார். “ஒத்தையில நீ இன்னாம்மா பண்ணுவ?” கெட்ட எண்ணம் இல்லை, கவலை. இந்த ஒரு அறுப்புக் காலம் வரைக்கும் பொறுங்கள் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். அ.மு. போனால் கடை போகும். கடை போனால் நான் திண்டிவனத்துக்கு, அம்மா வீட்டுக்கு. அங்கே என்ன செய்வது, டிவி பார்ப்பதா?

ஒரே சங்கடம், எனக்கு கோடு (கம்ப்யூட்டர் புரோகிராம்) தெரியாது. அவர் கோடு எழுதுவார். நான் கலர், படம், தமிழ் டைப்பிங். நாலு வருஷமாக அப்படித்தான்.

ஒரு மணிக்கு மாமா சாப்பாட்டுக் கேரியரோடு வந்தார். முள்ளங்கிச் சாம்பார். நான் சாப்பிடும் வரை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தை 6, செவ்வாய்

செய்து பார்த்தவை:

– நெட். நன்றாக ஓடுகிறது.
– பிரவுசர் சேர்த்து வைத்திருந்த பழைய குப்பையை எல்லாம் அழித்தேன். பொட்டி அப்படியே.
– வேறு கம்ப்யூட்டர், என் போன். சாம்பல்.
– பொட்டியின் உயரம் சரியா என்று பார்த்தேன். சரி. கலரை மாற்றிப் பார்த்தேன். வேறு கலரில் காலிப் பொட்டி.
– மோடத்தை மூன்று தடவை அணைத்துப் போட்டேன். இரண்டு தடவை அவசியமே இல்லை, அழுகை வந்தது, எதையாவது அணைக்க வேண்டியிருந்தது.

மத்தியானம் அவருடைய ஃபைலைத் திறந்தேன். நடுவில் தமிழில் எனக்கு ஒரு வரி: “கோமு, கலர மட்டும் மாத்து. இதுக்குக் கீழ போனா உத வாங்குவ.”

கீழே போனேன்.

முதலில் ஒன்றும் புரியவில்லை. வரைபடம் வரைகிற லைப்ரரியை (யாரோ எழுதி நெட்டில் வைத்திருக்கும் கோடு) வெளியிலிருந்து கூப்பிடுகிற ஒரு வரி, அதில் நீளமாக ஒரு சாவி எண். லைப்ரரி வரவில்லை, அதனால் வரைபடமும் இல்லை. இவ்வளவு கண்டுபிடிக்க ஒரு நாள் ஆனது. வேறு யாராவது என்றால் கால் மணி நேரம்.

பொங்கலுக்கு அடித்த வண்ணத்தில் ஊரே பளிச்சென்று இருக்கிறது. எங்களுக்கு இந்த வருஷம் பொங்கல் இல்லை.

தை 7, புதன்

அவருடன் படித்த சுரேஷ் அண்ணனுக்குப் போன். சென்னையில் வேலை. திரையில் சிவப்பாக வந்திருந்ததை எழுத்தெழுத்தாகப் படித்தேன்.

“சாவி செல்லாதுன்னு சொல்லுதும்மா. அந்த சாவி எந்த அக்கவுண்ட்ல வாங்கினது?”

“அவர் மெயில்ல.”

“அதத் தொறந்து பாரு, புதுசு ஒண்ணு எடுத்துக்கலாம்.”

அண்ணன் இரண்டு தடவை ஹலோ சொன்னார்.

காரியம் முடிந்த மறுநாள், கொழுந்தன் ரவி சொன்னான்: “செத்தவங்க மெயில்ல கண்டவன் பூந்து லோன் வாங்கிடறான் அண்ணி. அழிச்சிடுங்க.” எல்லாரும் ஆமாம் என்றார்கள். நான்தான் அழித்தேன். பாஸ்வேர்டு தெரிந்தவள் நான் ஒருத்திதானே. அப்போது அறுப்பு இல்லை, வரைபடத்தை யாரும் திறக்கவில்லை. அன்றைக்கே நின்று போனது இன்றைக்குத்தான் தெரிகிறது.

“நான்தாண்ணா அழிச்சிட்டேன்.”

அண்ணன் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். திரும்ப எடுக்க முடியுமா என்று பார்த்தார். கெடு தாண்டிவிட்டது. மெயில், அதிலிருந்த போட்டோக்கள், எல்லாம் போனது போனதுதான்.

மூக்கைச் சிந்திவிட்டு உட்கார்ந்தேன். சாவி கேட்காத லைப்ரரி ஒன்று உண்டாம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பழைய வரிகளை எடுத்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். “நீயே எழுதுவ, நான் லைன்ல இருக்கேன்” என்றார்.

தை 8, வியாழன்

காலை: எழுதியது ஓடவில்லை. லைப்ரரி வருவதற்கு முன்னாலேயே வரைபடத்தைக் கூப்பிட்டிருக்கிறேன். வரிசையை மாற்றினேன். வந்தது! வந்தது, ஆனால் மெஷின் எல்லாம் வடதுருவத்துப் பனிக்கடலில். அட்சரேகை எண்ணும் தீர்க்கரேகை எண்ணும் இடம் மாறிவிட்டதாம். அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன், மூன்று மாதத்தில் முதல் தடவை.

மாற்றிப் போட்டதும் எல்லாப் புள்ளிகளும் ஊர் வந்து சேர்ந்தன. சீயமங்கலத்தில் ஒன்று, அவலூர்பேட்டையில் மூன்று. “ஏங்க, வந்துடுச்சி!” என்று கத்திவிட்டேன். பக்கத்து நாற்காலியைப் பார்த்து.

பன்னிரண்டுக்கு அ.மு. போன். “சூப்பரும்மா. விழுப்புரம்லாம் வேணாம், இனிமே நீயே பாத்துக்க.” பிறகு: “ஒண்ணே ஒண்ணு. என்னாண்ட மெஷின் ஏழுதானே? இதுல எட்டு காட்டுதே. அந்த எட்டாவது வண்டி ரோட்டு மேலயே நிக்குது, நவுரவே இல்ல. எந்த டிரைவரும்மா அது?”

புள்ளியைத் தொட்டேன். ‘டெஸ்ட்’ என்று பெயர். டிரைவர்களின் போன்தான் இடத்தை அனுப்பும். அதைச் சோதிக்க அவர் தன் போனையும் சேர்த்து வைத்திருந்திருக்கிறார். அவருடைய வரிகள் அதை மறைத்து வைத்திருக்கும், நான் எழுதியது எல்லாவற்றையும் காட்டுகிறது. கடைசியாக அனுப்பியது ஐப்பசியில், அவர் போன அந்த நாள், மாலை நாலு ஐம்பத்திரண்டு.

மழை. புது டிரைவர் போனில் இதைப் போட்டுக் கொடுக்க பைக்கில் போனார். யாரோ லோடு ஆட்டோவில் தூக்கிவந்தார்கள். போன் நொறுங்கிவிட்டது. எங்கே விழுந்தார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. போலீஸ் காகிதத்தில் ‘அவலூர்பேட்டை சாலை’ என்று மட்டும்.

“எடுத்துடறேன் சார்” என்றேன்.

எடுக்க முடியவில்லை. கை வரவில்லை. ஒருமுறை அழித்தது போதாதா?

மாமா கேரியரோடு வந்தார். சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த நாற்காலியை இழுத்து, திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இங்கியா?”

“இங்கதான் மாமா.”

ரொம்ப நேரம் பார்த்தார். சாம்பார் ஆறிப்போனது.

“இன்னிக்கு இருக்கட்டும்மா. நாளைக்கு நான் அங்க போயிடறேன். போயி சேந்ததும் சொல்றேன், அப்ப எடு.”

போகும்போது, செல்போன்காரனிடம் கடை கிடையாது என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். இதற்காகத்தானே இத்தனை பாடு. சந்தோஷப்படத் தெரியவில்லை.

தை 9, வெள்ளி

இன்றும் பனி. மாமா ஆறு மணி பஸ். பையில் கற்பூரம், ஒரு முழம் பூ, பால்.

ஏழேகாலுக்குக் கடையைத் திறந்தேன். போனில் மாமா, திரையில் நான்.

“எறங்கிட்டேம்மா. எந்தப் பக்கம்?”

“வளைவு தாண்டி ஒரு சின்ன பாலம் வரும் மாமா. அதுலேர்ந்து கொஞ்சம் முன்னால. எடது கை.”

நடக்கிற சத்தம். மூச்சு வாங்குகிற சத்தம். ஒரு லாரி போனது.

“புளியமரம் ஒண்ணு இருக்குது.”

“அதுக்கு நேரா மாமா.”

“மோட்டார் கொட்டாய், நெல்லு. வேற ஒண்ணும் இல்லம்மா. சும்மா ரோடுதான்.”

தீப்பெட்டி உரசுகிற சத்தம். இரண்டு குச்சி அணைந்தது, மூன்றாவது பிடித்தது. அவர் பெயரைச் சொல்லி ஏதோ பேசினார், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

பிறகு: “நான் இருக்கறேன் இங்க. இப்ப எடுத்துடும்மா.”

நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது. அழுத்தினேன்.

“போயிடுச்சா?”

“போயிடுச்சி மாமா.”