தொட்டியில் கிடக்கும் வேண்டுதல்

கொல்லிமலை,
ஞாயிறு

அன்பு மகள் கலைச்செல்விக்கு அம்மா எழுதுவது. மலையில் நாங்கள் இருவரும் சுகம், புனேயில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், அதனால்தான் கடிதம்.

மிளகு நன்றாகப் பிடித்திருக்கிறது கண்ணு. சில நாளாக மேகம் காட்டை விட்டு எழவே இல்லை, மரவள்ளிக்குக் கீழே இருக்கும் மடுகூடத் தெரியாமல் தண்ணீர்ச் சத்தம் மட்டும் வருகிறது. நேற்றுச் சாயங்காலம் பொரி கொண்டுபோய்ப் போட்டேன். வெகுநேரம் கழித்து நம் கெளுத்தி ஒன்று அடியிலிருந்து மெல்ல எழும்பி, மீசையால் தண்ணீரைத் தடவிப் பார்த்துவிட்டு இறங்கியது. முன்பு கூட்டமாக வரும், இப்போது ஒன்றிரண்டுதான். பார்த்துக்கொண்டே இருந்ததில் நானும் தண்ணீருக்குள் இருப்பதுபோலவும், உன் பிள்ளை புரளுவது எனக்கே தெரிவதுபோலவும் இருந்தது. சிரிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை உனக்குக் கலைந்ததிலிருந்து அப்பாவுக்கு உள்ளுக்குள் பயம். மீனுக்குப் பொரி போட்டுவிட்டுச் சாமி கும்பிடுகிற ஊர் நம்முடையது, அதனால் இந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறக்க மடுவில் கெளுத்தி விடுவதாக வேண்டிக்கொண்டாராம். அடிவாரத்துக் காரவள்ளியில் மீன் விற்கும் லாரிக்காரன் ஒருவன், "கோயில் மீனுங்க, மீசையப் பாருங்க" என்றிருக்கிறான். உன் அப்பாவும் அந்த மீசையைப் பார்த்து ஏமாந்து வாங்கி, டிரம்மோடு பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் திட்டும் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். பௌர்ணமிக்கு விடலாம் என்று தொட்டியில் போட்டு, துணைக்கு நம் வாய்க்கால் கெளுத்தியையும் பிடித்துப் போட்டார். விடிந்து பார்த்தால் நம் கெளுத்தி ஒன்றுகூட இல்லை, வாங்கி வந்ததுகள் வயிறு புடைத்துக் கிடந்தன. அது வெளிநாட்டு இனம், கிடைத்ததையெல்லாம் விழுங்கும் என்று சோளக்காடு சந்தையில் கடை வைத்திருக்கும் உன் சித்தப்பா மகன் முரளி சொன்னான்.

மடுவில் விட்டால் நம் கெளுத்தி பூண்டோடு போய்விடும். விடாவிட்டால் உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அப்பா நடுங்குகிறார். "ஏம்புள்ள, சாமி கோவிச்சுக்குமா" என்று ஓயாமல் கேட்கிறார், பௌர்ணமிக்கு விட்டுவிடலாமா என்று மறுபடியும் ஆரம்பித்திருக்கிறார். நான் சொன்னால் செவிடன் காதில் ஊதிய சங்குதான். பிள்ளைத்தாய்ச்சி சொல்வது சாமி வாக்கு என்பது அவர் எண்ணம். ஆகவே நீயே கூப்பிட்டு, "அப்பா, எம் பேரச் சொல்லி மடுவுல எதையும் உடாதீங்க, இருக்கற மீனு இருந்தாப் போதும்" என்று சொல்லிவிடு. தொட்டியில் இருப்பதுகளை என்ன செய்வது என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மாத்திரையை மறக்காதே, ஈரத் தரையில் பார்த்து நட. அறப்பளீஸ்வரர் உனக்குத் துணை, தாயும் பிள்ளையுமாக நல்லபடியாக எழுந்திரு. பௌர்ணமிக்கு முன்பே கூப்பிடு சாமி. இதை எழுதும்போதும் அப்பா தொட்டி ஓரம் உட்கார்ந்து அதுகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறார். உன் பேரைச் சொல்லி வாங்கியதாம், பசியோடு கிடக்கக் கூடாதாம்.

உன் அம்மா,
ராமாயி