பெயர் ஒன்று, பொருள் இரண்டு

உறையூர், திருச்சி
ஞாயிறு

அன்பு மகள் டெல்பினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், ஹாம்பர்க் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் பூசையில் வேண்டிக்கொள்கிறோம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது பேப்பரை முதலில் படித்துவிட்டு எனக்கே செய்தி சொல்கிறாள்.

வியாழக்கிழமை ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்லூரியில் பேசினேன், அம்மாவும் கூட வந்தாள். கம்ப்யூட்டரில் நீ எழுதும் ஆப்ஜெக்ட் ஓரியன்டட், அதாவது பொருள்சார் புரோகிராமிங்கையும் அதே பெயரில் உள்ள தத்துவத்தையும் ஒப்பிட்டுப் பேச வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். முப்பது வருஷம் தத்துவம் நடத்திய திமிரில், அந்தப் பெயரே கம்ப்யூட்டர்காரர்கள் எங்களிடம் வாங்கியது என்று உரையில் எழுதி உனக்கு முன்கூட்டி அனுப்பினேன் அல்லவா, நீ போனில் சிரித்தாய். "அப்பா, நாங்க அறுபதுகள்லயே ஆரம்பிச்சாச்சு. உங்க ஆளுங்கதான் முப்பது வருஷம் கழிச்சு எங்ககிட்டேருந்து பேரை எடுத்தாங்க" என்றாய். தேடிப் பார்த்தேன், நீ சொன்னதுதான் சரி. பிறகு நீ பொறுமையாக விளக்கியதை அப்படியே மேடையில் சொன்னேன். புரோகிராமில் ஒரு பொருள் தன் உள்விஷயத்தை மூடி வைத்திருக்கும், மற்றவை கேட்டால் பதில் மட்டும் தரும், ஆனால் அதை எழுதியவர் திறந்து பார்த்தால் எல்லாம் தெரியும். தத்துவத்திலோ ஒரு நாற்காலிகூடத் தன்னை முழுசாக யாருக்கும் காட்டாது, செய்த தச்சருக்கும் காட்டாது. இவ்வளவு தெளிவாக எனக்கு எந்தப் பேராசிரியரும் சொன்னதில்லை, டெல்பின்.

முடிந்ததும் சுபஸ்ரீ என்ற மாணவி எழுந்து, "உண்டாக்கினவங்களுக்கே முழுசா தெரியாதுங்கிறீங்களா சார்?" என்று கேட்டாள். புத்தகத்தில் உள்ள பதிலைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்பது வருஷத்துக்கு முன், கம்ப்யூட்டர் படிக்க ஆசைப்பட்ட உன்னைக் கேட்காமலே எம்.ஏ. தத்துவத்துக்கு விண்ணப்பம் நிரப்பிவிட்டு, "பெத்தவனுக்குத் தெரியாதா உன் மனசு" என்று கத்தினேனே, அதுதான் நினைவுக்கு வந்தது. "தெரியாதும்மா, என் மக விஷயத்துல நான் தப்பு பண்ணியிருக்கேன், இன்னைக்குப் பேசினதுல பாதி அவ சொல்லிக்கொடுத்தது" என்றேன். கை தட்டினார்கள். திரும்பும்போது பஸ்ஸில் அம்மா, "இதைச் சொல்ல ஒம்பது வருஷமாங்க?" என்று கேட்டுவிட்டு உறையூர் வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

தெரியும் என்று நினைத்துக்கொண்டு இதுவரை உன்னிடம் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். அந்த வேலை உனக்குப் பிடித்திருக்கிறதா அம்மா? விவரமாக எழுது, எத்தனை பக்கமானாலும் படிக்கிறேன். பாஸ்போர்ட் புதுப்பிக்க மறந்துவிடாதே. ஆண்டவர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக.

உன்னை நினைத்துப் பெருமைப்படும்,
அப்பா அருள்நாதன்