தம்பி அடித்த காற்று

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும், இங்கே நாங்கள் நலம் என்று எப்போதும் எழுதும் வரியை இந்த முறை எழுதக் கை வரவில்லை. இந்த மாதத்தில் விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னது சரிதான், தம்பிக்காக வர முடியவில்லையே என்று அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, வந்தாலும் என்ன செய்துவிடப் போகிறாய், நாங்களே கடலைப் பார்த்துக்கொண்டு சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம். மீட்புப் படகுக்காரர் நேற்று வந்தார், உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, "இனிமே தேடுறதுல அர்த்தம் இல்லம்மா, கரையில ஒதுங்கினா நாங்களே வந்து சொல்றோம்" என்றார். ஒதுங்கினால் என்றார், என் பிள்ளையை. குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன், வேறென்ன செய்ய.

பட்டம் மட்டும் கிடைத்தது என்று போனில் சொன்னேன் அல்லவா. ஊரில் மற்றவர்கள் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினால் எங்கப்பா பட்டத்துக்குப் பஞ்சர் ஒட்டுகிறார் என்று சிநேகிதிகளிடம் கேலி பேசுவாயே, அந்த அப்பா ஒட்டிக் கொடுத்த, டியூபில் காற்றடித்துக் கடலில் பறக்கவிடும் பட்டம்தான் அது. அது இழுக்க, பலகையில் நின்று அலைமேல் சறுக்கிப் போன தம்பி திரும்பவில்லை, பட்டம் ஒரு கிழிசல் இல்லாமல், முன்பக்க டியூப் விறைப்பாக, பாறையோரம் வந்து கிடந்தது. அப்பா அதைப் பட்டறைக்குத் தூக்கி வந்ததும் தன் கையால் ஒட்டிய இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. "என் ஒட்டு நின்னுடுச்சே" என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வேறொருவர் என்றால் நிம்மதிப்பட்டிருப்பார், இவருக்கோ தன்னைத் திட்டிக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று. எனக்கும்தான் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை, பாவம் பால்காரர் அகப்பட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்த வால்வை யாரும் தொடக் கூடாது என்கிறார். "அவன் அடிச்ச காத்து உள்ள இருக்கு" என்கிறார். பட்டம் பட்டறையையே அடைத்துக்கொண்டு கிடக்கிறது, வாடிக்கைக்காரர்கள் பக்கவாட்டில் நுழைந்து வந்து தங்கள் பட்டங்களை ஒட்டாமலே வாங்கிப் போகிறார்கள். ஆனால் காற்று நிற்குமா, வால்வுக்கு அடியில் மெல்லிய கசிவு, நாளுக்கு நாள் தொய்கிறது. சரிசெய்ய வேண்டுமானால் காற்றை முழுக்க இறக்கி, டியூபை உறையிலிருந்து உருவி, உப்புப் போகக் கழுவிக் காயவைத்து ஒட்ட வேண்டும். காற்றோடு ஒட்டச் சொல்லி அவசரப்படுத்துகிறவர்களை, ஓடுற பஸ்ஸுக்கு டயர் மாத்துவீங்களா என்று விரட்டுகிற மனுஷன், இப்போது தானே காற்றோடு ஒட்டுமேல் ஒட்டாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். விடிந்தால் எல்லாம் உரிந்து தொங்குகிறது. புதிதாக அடிக்கவும் விடமாட்டார், அது அவனுடையது இல்லையாம். சாப்பாடும் இறங்கவில்லை, அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அதோடு சேர்ந்து அவரும் வற்றிக்கொண்டு வருகிறார். ஒருத்தரை இழந்தது போதாதா என்று கத்தியும் பார்த்துவிட்டேன், காதில் விழவில்லை.

அதனால் இன்று காலை ஒரு காரியம் செய்துவிட்டேன். அவர் குளிக்கப் போன நேரத்தில் பம்பை எடுத்து, சத்தம் வராமல் மெதுவாகக் கொஞ்சம் அடித்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் டியூபை அமுக்கிப் பார்த்தார், ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. "இன்னைக்கு இறங்கல பாத்தியா" என்றார், அப்புறம் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டார். விரல் வைத்தே காற்றின் அளவைச் சொல்கிறவருக்குத் தெரியாமலா இருக்கும், கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இனி தினமும் அடிக்க வேண்டும். பழையது கசியக் கசிய நான் அடிப்பதுதான் உள்ளே நிற்கும், கொஞ்ச நாளில் அவனுடையது துளிகூட இருக்காது. என் பிள்ளையை நானே அதிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறேன் கண்ணு.

மாடிப்படியில் மெதுவாக ஏறு, குளியலறையில் ஈரத் தரையைப் பார்த்துக் கால் வை, மாப்பிள்ளை சமைத்ததைக் குறை சொல்லாமல் சாப்பிடு. பிறக்கப் போகும் குழந்தை உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே நூறு வயது வாழட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, பட்டம் இன்னும் தொய்யவில்லை என்று அப்பா போனில் சொன்னால், ஆமாம்பா, தம்பி எப்பவும் நல்லா இறுக்கமாத்தான் அடிப்பான் என்று சொல், வேறெதுவும் கேட்காதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா