அரைப் பேர்

டிக்கோயா
16 பெப்ரவரி 2025

அன்புள்ள ரஸீனாவுக்கு,

ஷாமிலா எழுதுவது. இங்கு அனைவரும் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரியே தொடங்கிவிட்டேன், சிரிக்காதே. நீ போனை எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. செய்தி அனுப்பினாலும் பதில் இல்லை. அதனால்தான் தாளும் பேனாவும். தோள் எலும்பு சேர்ந்துவிட்டதா? டோஹாவில் உன் அக்கா உன்னைச் சமையலறைப் பக்கம் விடுகிறாரா, இல்லை உன் சோற்றைத் தின்று பார்த்து அவரும் பயந்துவிட்டாரா?

நான் போன மாதமே தோட்டத்துக்கு, அம்மாவின் லயத்து வீட்டுக்கு வந்துவிட்டேன். பயிற்சி நடக்கிறது. காலையில் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நீச்சல். குளிர் கொஞ்சமும் மாறவில்லை, முதல் ஐந்து நிமிடம் வாயில் வராத கெட்ட வார்த்தை இல்லை. பிறகு கொட்டகலை வரை சைக்கிளில் போய்த் திரும்புகிறேன். வந்ததும் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தோட்டத்து ரோட்டில் ஓட்டம். இறங்கியதும் கால் இரண்டும் யாரோ இரவல் தந்தது போல இருக்கும் என்பாயே, பத்து வருடமாகியும் அது அப்படியேதான் இருக்கிறது. முன்பெல்லாம் அந்த முதல் கிலோமீட்டரில் உன் மூச்சு எனக்குப் பின்னால் கேட்கும். அது கேட்டால்தான் என் கால் எனக்குத் திரும்பி வரும். இப்போது தனியாக ஓடுகிறேன். நேரம் மோசமில்லை, கோச்சுக்குத் திருப்தி. எனக்குத்தான் எதிலும் ருசி இல்லை.

அம்மாவுக்கு நம் தொழில் இன்னமும் விளங்கவில்லை. நீந்தி, சைக்கிள் மிதித்து, அதற்குப் பிறகு ஓடியும் முடிக்க வேண்டும் என்றால், "ஒரே ஆளு மூணு வேலைய எதுக்கு ஒரே நாள்ல செய்யணும்?" என்கிறார். போன கிழமை தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்தவர், டிசம்பர் போட்டியில் உனக்கு என்ன ஆனது என்று கேட்டார். நீ நீந்தி முடித்தாய், சைக்கிளில் பாதிக்கு மேல் வந்து விழுந்துவிட்டாய், முடிக்காததால் பட்டியலில் உன் பெயர் இல்லை என்றேன். அவரால் நம்ப முடியவில்லை. "அம்புட்டுத் தூரம் வந்த புள்ளைக்கு அரைப் பேராவது போட்டிருக்கக் கூடாதா?" என்றார். நீ கடைக்காரர் மகள், உனக்கு மறந்திருக்கும். கொழுந்து நிறை குறைந்தால் அன்றைக்குப் பாதி நாள் சம்பளம்தான் எழுதுவார்கள், அதுதான் அரைப் பேர். எங்கள் போட்டியில் அரைப் பேரெல்லாம் கிடையாது என்று சொல்லிச் சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. கூடையை ஆணியில் மாட்டியபடி, பக்கத்து லயத்து வேலாயி அத்தைக்குக் குளவி கொட்டிய நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். மலையில் நின்ற ஒன்பது பேரும் கூடையைப் போட்டுவிட்டு அவரை ரோடு வரை தூக்கி வந்தார்களாம். திரும்பி ஏறுவதற்குள் நிறுக்கும் நேரம் வந்துவிட்டதாம். "ஒம்பது பேத்துக்கும் அன்னிக்கி அரைப் பேருதான். போனாப் போகுது, வேலாயி இருக்காள்ல" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு பழைய கதை. எனக்கு அப்படி இல்லை.

ரஸீனா, நான் உன்னைக் கண்டேன்.

அந்த இறக்கத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. நீ மூன்றாவது, நான் நான்காவது. வளைவைத் திரும்பியதும் உன் சைக்கிள் ரோட்டில் கிடந்தது, நீ வடிகானோரத்தில் கிடந்தாய். ஒரு கையைத் தூக்கினாய். என் கண்ணைத்தான் பார்த்தாய். பிரேக்கில் விரல் வைத்தேன், அதுவும் உண்மை. உடனே, இனி நான்தான் மூன்றாவது என்ற நினைப்பு வந்தது. விரலை எடுத்துவிட்டேன். விழுந்தவளுக்காக நிற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, அது எனக்குத் தெரியும். ஐந்தாவது ஆள் வெகு தூரம் பின்னால். போட்டியைக் கவனிக்க வந்த மோட்டார் சைக்கிள்காரர் உன்னைக் காணும்வரை பன்னிரண்டு நிமிடம் மழையில் கிடந்தாயாம். அன்று நான் ஓடியதுதான் என் வாழ்க்கையிலேயே வேகமான ஓட்டம். அதை நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே நின்று, "சத்தியமா நான் ஒன்னயக் காணல" என்றேன். நீ குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டாய். நான் உன்னைக் கண்டதை நீ கோச்சிடமும் சொல்லவில்லை, உன் வாப்பாவிடமும் சொல்லவில்லை. நீ வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி, அழுது, பழையபடி ஆகியிருப்போம்.

ஊருக்கு வந்த புதிதில் உங்கள் ஹட்டன் கடைக்குப் போனேன். லாபிர் வாப்பா பிளேன்டி ஊற்றித் தந்து, "நீ கண்டிருந்தா நின்டிருப்பாய் மகள், அது எனக்குத் தெரியும்" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். நேற்று மறுபடி போனேன். கூட்டம் குறைந்ததும், கண்டேன், நிற்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் யாருக்கோ அரிசி நிறுத்துக்கொண்டிருந்தார். நிறுத்து முடித்து, பையைக் கட்டி ஓரமாக வைத்தார். பிறகு பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து டோஹா முகவரியை எழுதினார். "அவளுக்கு எழுது" என்றார். மகள் என்று சொல்லவில்லை.

ஏப்ரலில் அடுத்த போட்டி. பெயர் கொடுக்கச் சொல்லி கோச் தினமும் கேட்கிறார், நான் இன்னும் கொடுக்கவில்லை. உன்னை நெருக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. ஓட ஆரம்பித்ததும் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். அப்படிப் பார்ப்பவளால் போட்டியில் ஓட முடியாது.

நோன்பு நெருங்குகிறது, உடம்பைப் பார்த்துக்கொள். எலும்பு நன்றாகச் சேரட்டும். மறுபடி சைக்கிளில் ஏறும்போது உனக்கு இறக்கத்தைக் கண்டு பயம் வராமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிடுகிறேன். உன் அல்லாஹ்விடம் நீயும் கேட்டுக்கொள். மன்னித்துவிட்டேன் என்று எனக்கு எழுத வேண்டாம். 'நீ கண்டாய், எனக்குத் தெரியும்' என்று ஒரு வரி மட்டும் எழுது. உன் கையெழுத்தில் அது வந்தால் போதும், மற்றதை நான் சுமந்துகொள்வேன்.

இப்படிக்கு,
அன்று உன்னைக் கண்ட
ஷாமிலா