இங்கிலீஷில் போட்ட சண்டைகள்

என் அருமைச் சண்டைக்காரி மதினிக்கு,

நயா பைசா வந்த வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாகல் நகர் வீட்டு அடுப்படியில் அந்த வரலாற்றுத் தீர்மானம் நிறைவேறியது. இனி நம் சண்டைகள் அனைத்தும் இங்கிலீஷில்தான் நடக்கும். முன்மொழிந்தது நீங்கள், வழிமொழிந்தது நான். எதிர்ப்பு இல்லை. உங்கள் தம்பி, அதாவது என் கணவர், கடைக்குப் போயிருந்தார்.

காரணம் எளியது. உங்கள் வீட்டுக்காரர் காலமான பிறகு நீங்கள் கைக்குழந்தை வசந்தாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். டீச்சர் ட்ரெய்னிங்கில் சேர்ந்தால் சொந்தக் காலில் நிற்கலாம். அதற்கு எஸ்.எஸ்.எல்.சி. வேண்டும். இங்கிலீஷ் உங்களை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தது. கல்யாணத்தால் படிப்பை விட்ட நானும் உங்களோடு பரீட்சைக்குப் பணம் கட்டினேன்.

"பேசிப் பழகணும்ங்கிறாங்க. நாம எப்படி செல்லம் பேசுறது?" என்று கேட்டீர்கள்.

"நாம எங்க மதினி பேசுறோம்? சண்டைதான போடுறோம்" என்றேன்.

"அப்ப அதையே போடுவோம்டி."

சட்டமும் அப்போதே போட்டோம். கோபத்தில் தமிழ் பேசுகிறவர் மாவாட்ட வேண்டும்.

என்னை நன்றி கெட்டவள் என்று சொல்ல நீங்கள் அகராதியைப் புரட்டி, 'அன்கிரேட்ஃபுல்' என்று கண்டுபிடித்து வருவதற்குள் குழம்பு கொதித்து இறங்கியிருக்கும். நான் ஸ்பெல்லிங் கேட்பேன். நீங்கள் மறுபடி உள்ளே போவீர்கள். சாயங்காலம் அன்றைய வசவுகளை நோட்டில் எழுதி, ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் அமைப்போம். எல்லா வாக்கியங்களும் நம் இருவரைப் பற்றியவைதான்.

பத்து நாளில் பக்கத்து வீட்டு அம்மா சுவர் மேல் தலை நீட்டினார். "என்ன செல்லம், சத்தத்தையே காணோம்? யாருக்கும் உடம்புக்கு முடியலையா?" உங்கள் தம்பியோ சாப்பாட்டில் கை வைக்கவே யோசித்தார். "இம்புட்டு அமைதியா இருக்கீங்களே, என்ன திட்டம் போடுறீங்க ரெண்டு பேரும்?"

பரீட்சையில் ஊர்த் திருவிழாவைப் பற்றிக் கட்டுரை கேட்டார்கள். அப்போதுதான் நம் பயிற்சியின் குறை தெரிந்தது. நம்மிடம் ஒரு நல்ல வார்த்தைகூட இல்லை. நான் பக்தியோடு எழுத முயன்று ஆறாவது வரியில் நின்றுவிட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தீர்கள்.

"எனக்கு வார்த்தைக்கே பஞ்சமில்லடி. மேளக்காரன் சோம்பேறி, பலூன்காரன் புரட்டன், கூட்டத்துக்கு வெக்கமில்ல. ஊரையே வைஞ்சிட்டு வந்திருக்கேன்."

நீங்கள் பாஸ். நான் பெயில். திருத்தியவர் யாரோ தெரியவில்லை. அவரும் அந்த வருஷம் ஏதாவது திருவிழாவுக்குப் போயிருக்க வேண்டும்.

சின்னாளப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆகித் தனியாக வீடு எடுத்த பிறகும், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்து சண்டை போட்டீர்கள். அப்போது எனக்குத் தெரியாத வார்த்தைகள் உங்களிடம் நிறைய இருந்தன. கடைசி மூன்று ஞாயிறு மட்டும் பள்ளிக்கூட வேலை என்று கார்டு போட்டீர்கள். அந்த இருபது நாள் காய்ச்சலை மட்டும் ஏன் எந்த மொழியிலும் சொல்லவில்லை?

வசந்தா இப்போது எங்களோடு இருக்கிறாள். நேற்று அவள் பாவாடையை நான் சரியாக மடிக்கவில்லையாம். "அத்தை, யூ ஆர் நெக்லிஜென்ட்" என்றாள். அகராதியைப் பார்க்காமலே சொன்னாள். அவளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று சின்னாளப்பட்டியில் உங்கள் தலைமாட்டில் நின்று கத்தினேன். "ஒரு ஆள் விட்டுச் சொல்லக் கூடாதா? அம்புட்டு வீம்பா உனக்கு? எந்திரி!" முழுக்கத் தமிழ். வசந்தா பக்கத்தில்தான் நின்றாள்.

வருகிற மார்ச்சில் மறுபடி பரீட்சை எழுதுகிறேன். கட்டுரைக்கு எதைக் கொடுத்தாலும் வைவேன். பாஸ் செய்வேன், இது உறுதி.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, நான் மாவாட்டினேன்.

உங்கள் தம்பி பெண்டாட்டி,
செல்லம்