ஐம்பத்தைந்து கிலோ போதும்

குறிப்பு 41
14 ஜூலை 2025, திங்கள், காலை 6.40. மூவார், மலேசியா.

தூறல். எடை 51.6 கி.கி. வெறும் வயிற்றில், காலணியின்றி, இருமுறை ஏறிப் பார்த்தது. மனைவி இறந்து பதினான்கு மாதங்கள். அன்று 60.2.

9.30க்குக் கிளினிக். கொண்டுபோக: அட்டை, கண்ணாடி, குடை, இலக்கு எடை குறித்த தாள். இலக்கு 66. பணி ஓய்வு பெற்ற நாளில் இருந்த எடை.

ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் மகள் ஸ்டெல்லாவின் நிபந்தனை: ஆண்டு இறுதிக்குள் எடை ஏறாவிட்டால் இவ்வீட்டைப் பூட்டிவிட்டு அவளது அடுக்குமாடிக்குப் போய்விட வேண்டும். சனிதோறும் தொலைபேசியில் எடை கேட்கிறாள். நான்கு சனிகளாக 57 என்று சொல்லிவருகிறேன். தோட்டத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் ரப்பர் பால் நிறுத்துக் கணக்கு எழுதிய கிராணி நான். ஒருவர் பெயரிலும் அரைக் கிலோ கூட்டியதில்லை.

குறிப்பு 42
அதே நாள், பகல் 12.15.

தாதி தமிழ்ப் பெண். தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"அறுபத்தாறா? அங்கிள், குஸ்திக்குப் போறீங்களா? அம்பத்தஞ்சு போதும் லா. ஆறு மாசம். மெதுவா."

66ஐ அடித்து 55 என்று எழுதினாள். கோடு வளைவு.

"யாரு கூட சாப்பிடுறீங்க?"

"ரேடியோவோட."

"ரேடியோ சோறு போட்டுக் குடுக்குமா அங்கிள்?"

முட்டை இரண்டு. பால். சிறுகச் சிறுக ஐந்து வேளை. எடை வாரம் ஒருமுறை மட்டும். (நான் தினம் மூன்று முறை. சொல்லவில்லை.) படிவத்தில் 'உடன் உண்பவர்' என்று ஒரு கட்டம். நிரப்பவில்லை.

குறிப்பு 43
16 ஜூலை, புதன், பிற்பகல் 2.05.

கடும் வெயில். முட்டை ஒன்று மட்டும் இறங்கியது. மதியம் கடையில் சோறு. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம், ஐவர்.

"அலமாக், மீன் தலைய யாரு எடுத்தா?"

"அப்பாதான்! சத்தமே போடாம!"

"நீ போன்ல இருந்தே. தலை எவ்ளோ நேரம் காத்திருக்கும்?"

திரும்பிப் பார்த்தால் என் தட்டு காலி. எப்போது காலியானது என்று தெரியவில்லை. வீட்டில் என்றால் தினமும் பாதிச் சோறு குப்பைக்கு. அவர்கள் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் என் மேசையை இருமுறை துடைத்தார்.

குறிப்பு 44
19 ஜூலை, சனி, காலை 10.20.

மேகமூட்டம். ஸ்டெல்லாவின் அழைப்பு, 3 நிமிடம்.

"அப்பா, எவ்ளோ?"

"அம்பத்தேழு."

"சூப்பர்ப்பா! அப்ப நல்லாத்தான் சாப்பிடுறீங்க. மாசக் கடைசியில வரேன்னு சொன்னேன்ல? முடியல. சிங்கப்பூர்ல ஓவர்டைம். பரவால்லதானே?"

"பரவால்லம்மா."

வேறென்ன சொல்வது? 57 கிலோ இருப்பவனைப் பார்க்க யார் வருவார்கள்?

குறிப்பு 45
20 ஜூலை, ஞாயிறு, காலை 7.00.

பூசைக்குப் போகவில்லை. ஸ்டெல்லாவுக்கு நான்கு பக்கம் எழுதிக் கிழித்தேன். பிறகு ஒரே பக்கம். 57 என்றது பொய். 66 இனி ஆகாது. 55 ஆகலாம், ஆறு மாதத்தில், தனியே உண்டால் அதுவும் ஆகாது. வீட்டைப் பூட்டச் சொன்னால் பூட்டுகிறேன். அதற்கு முன் ஒரு ஞாயிறு வந்து என்னுடன் சாப்பிடு. இப்படி அவளிடம் கேட்டது இதுவே முதல்முறை.

கடிதத்துடன் இணைப்பு:
1. கிளினிக் அட்டை, கையால் எழுதிய நகல்.
2. ஐந்து சனிக்கிழமைகளின் உண்மை எடை, ஒரு தாள்.
3. ஜொகூர் பாருவின் லார்க்கின் பேருந்து நிலையத்திலிருந்து மூவார் வரும் பேருந்து நேரங்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் வந்துசேரும் இரண்டும் அடிக்கோடிடப்பட்டுள்ளன.