இளவரசியின் தடத்தைக் கடைசியில் வைக்க

மழை பொய்யாத வெண்கோட்டு நாட்டுக்கு உடையவனும் ஏழு ஏரிக்குக் காவலனுமாகிய பரிதிநெடுங்கோ, வடமலைத் திசைவி மண்டபத்து அதிகாரி காரிநக்கனார்க்கு விடுத்த ஓலை. உம் குடியும் உம் மண்டபத்து விளக்குகளும் நிலைத்து விளங்குக.

மலையிலிருந்து எம் கோட்டைக்கு இறங்குவது ஒரே கம்பி. அதற்குள் எண்ணிட்டு மூன்று மெய்நிகர் தடங்களை குரலையும் படத்தையும் வழிபிரித்து விடும் உம் திசைவியில் வகுத்துள்ளோம்: எம் மகள் இளவெயினிக்கு ஒன்று, ஏரிக் காவலர்க்கு ஒன்று, வணிகர்க்கு ஒன்று. மகள் மலைமாளிகையில் நோயுற்றுக் கிடந்த நாளில், அவள் குரல் அறுபடாது வரவேண்டி, அவள் தடத்துக்கு முன்னுரிமையும் கம்பியில் முக்கால் பங்கும் ஒதுக்கச் சொன்னவர் யாமே.

அவள் மறைந்து பத்துத் திங்கள் ஆயிற்று. அரசகுடியில் இறந்தார் தடத்தை ஓராண்டு அடைப்பதில்லை என்பது நம் வழக்கம். ஆனால் முன்னுரிமையையும் விட்டுவைக்கும்படி எவ்வழக்கமும் சொல்லவில்லை. அதை நீரும் எண்ணவில்லை, யாமும் எண்ணவில்லை.

ஒன்று சொல்வோம், நகையாதீர். பொழுது சாயும்போது, அவள் முன்பு பேசிவந்த அவ்வேளையில், அத்தடத்து விளக்கு மினுங்குகிறது. செவி வைத்தால் மூச்சு கேட்கிறது, சொல் இல்லை. கம்பியின் வெற்றிரைச்சல் என்கிறார் அமைச்சர். இருக்கலாம். ஆயினும் நாள்தோறும் அங்கேயே அமர்ந்திருந்தோம்.

சென்ற செவ்வாயன்று கூடலேரிக் காவலன் பூதன்சேந்தன், கரை கசிகிறது, மதகு திறக்க ஆணை தருக என்று மும்முறை அழைத்திருக்கிறான். முக்கால் கம்பி மகளுக்கென வெறிதே கிடக்க, எஞ்சிய கால் பங்கில் வணிகர் சரக்குப் படங்கள் நெருக்க, எம்மை வந்தடைந்தவை 'கரை', 'ஐயா' என்னும் இரண்டு சொற்களே. ஆணையின்றி மதகு திறப்பது குற்றமென்று விதித்தவரும் யாமே. அவன் காத்து நின்றான். கரை உடைந்தது. கீழூரில் முப்பத்தொரு வீடுகள் போயின, அவனும் போனான். வேலியே பயிரை மேய்ந்தது, நக்கனாரே.

அன்றுமுதல் ஏரித் தடத்திலும் ஒருவன் மூச்சு விடுகிறான்.

மற்ற ஆறு ஏரிகளும் நிறைந்து நிற்கின்றன, மழையும் விடவில்லை. ஆகவே இவ்வோலை கண்டவுடன் ஏரித் தடத்தை முதலிலும், வணிகர் தடத்தை அடுத்தும், எம் மகள் தடத்தைக் கடைசியிலும் வைக்க. அவளுக்கென ஒதுக்கிய பங்கை நீக்குக. எண்களைத் தொடாதீர், இரு முனையிலும் எண் ஒத்தாலன்றித் தடம் பேசாது. அவள் தடத்தை அடைக்கவும் வேண்டா. இனிக் கரை கசிந்தால் காவலர் ஆணைக்குக் காத்திராது மதகைத் திறக்க.

இது எம் விரலாழி பதித்த ஆணை, மாற்றுவார் இலர்.

மாற்றி முடித்ததும் ஏரித் தடத்தில் நீரே ஒரு சொல் பேசும். உயிருள்ளவர் குரல் அதில் வருகிறதா என்று யாம் கேட்க வேண்டும்.